வீட்டு ஆட்டோமேஷன்: ஒயர்லெஸ் கன்ட்ரோலர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்மார்ட் ஹோம் அமைக்கப் போகிறேன், எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: இன்டர்நெட் இல்லாத நேரத்தில் உங்கள் வீட்டு விளக்கு எரிய வேண்டுமா, வேண்டாமா? எரியணும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வாங்கும்போது கண் போவது எந்த வாய்ஸ் அசிஸ்டென்ட்டோடு சேரும், ஆப் பார்க்க எப்படி இருக்கிறது என்பதில்தான். நான் கேட்ட கேள்விக்கு அட்டைப் பெட்டியின் மேல் பெரும்பாலும் பதில் இருக்காது, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கன்ட்ரோலருக்கு இரண்டு வேலை. சென்சார், பல்பு, ஸ்விட்ச் எல்லாவற்றோடும் ரேடியோவில் பேசுவது ஒன்று. 'கதவு திறந்தால் விளக்கைப் போடு' என்பது மாதிரியான விதிகளை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது இன்னொன்று. முதல் வேலை எப்போதும் வீட்டுக்குள்தான் நடக்கும். இரண்டாவது எங்கே நடக்கிறது என்பதில்தான் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம். சிலவற்றில் விதி பெட்டிக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் கதவு திறந்த செய்தி ரவுட்டர் வழியாக எங்கோ இருக்கும் கம்பெனி சர்வருக்குப் போய், அங்கே முடிவாகி, விளக்கைப் போடச் சொல்லும் கட்டளை அதே வழியில் திரும்பி வரும்.

நேரத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்மார்ட் ஹோம் சாதனங்கள் பேசிக்கொள்ளும் ரேடியோ முறைகளில் ஒன்று ஜிக்பீ. அதில் ஒரு செய்தி காற்றில் போகும்போது அதன் அளவு அதிகபட்சம் 127 பைட், வேகம் நொடிக்கு 250 கிலோபிட். அப்படியென்றால் ஒரு சாதனத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ ஏறக்குறைய 4 மில்லிவினாடி போதும். வரிசையில் காத்திருப்பது, பதில் அனுப்புவது எல்லாவற்றையும் சேர்த்து மூன்று நாலு தாவல் தாவினாலும் கண்ணுக்குத் தாமதம் தெரியாது. சர்வர் வரை போய் வரும்போது அரை நொடி, சில நேரம் ஒரு நொடிக்கும் மேல் ஆகும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் இருட்டில் படியில் கால் வைக்கிறவருக்கு அந்த ஒரு நொடி நன்றாகவே தெரியும்.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சர்வரே இல்லாமல் போனால்? நெஸ்ட் நிறுவனம் 2014-இல் ரிவால்வ் என்ற கன்ட்ரோலர் பெட்டியைத் தயாரித்த கம்பெனியை வாங்கியது, 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது, வீடுகளில் இருந்த ரிவால்வ் பெட்டிகள் அதோடு வேலை செய்வதை நிறுத்திவிட்டன. ரேடியோவும் சிப்பும் நன்றாக இருந்தும் பயனில்லை, ஏனென்றால் மூளை வேறு இடத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற வீட்டு ஆட்டோமேஷன் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் அணைந்தபோதும் ஆப் முடங்கியது; ஆனால் அங்கே ஸ்விட்சும் விளக்கும் ஒன்றோடொன்று நேரடியாக இணைக்கப்பட்டிருந்த வீடுகளில் அந்த இணைப்பு தொடர்ந்து வேலை செய்தது. எனக்கு இந்த இரண்டாவது கதைதான் முக்கியமாகப் படுகிறது. முடிவு வீட்டுக்குள் எடுக்கப்படும் அளவுக்கு வீடு தப்பிக்கும்.

அதனால் வாங்கியவுடன், திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே, ஒரு சோதனை செய்துவிடுங்கள். ரவுட்டரிலிருந்து இன்டர்நெட் ஒயரை மட்டும் கழற்றுங்கள், ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கட்டும். சென்சார் விளக்கைப் போடுகிறதா? வைத்த நேரத்துக்கு ஃபேன் நிற்கிறதா? ஆப் திறக்கிறதா, அல்லது லாகின் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறதா? பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சரி, ரேடியோவுக்கு வருவோம். வீட்டில்தான் ஏற்கெனவே வைஃபை இருக்கிறதே, எல்லாவற்றையும் அதிலேயே போட்டால் என்ன என்று தோன்றும். பிளக்கில் செருகும் பொருளுக்குப் போடலாம், தப்பில்லை. பேட்டரியில் ஓடும் சென்சாருக்குத்தான் சிக்கல். கதவு சென்சாரில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய அளவு பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர்-மணி. சென்சார் தூங்கும்போது 5 மைக்ரோஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 44,000 மணி நேரம், அதாவது ஐந்து வருஷம். விழித்துச் செய்தி அனுப்பும் நேரங்களையும் கழித்துப் பார்த்தாலும் ஓரிரு வருஷம் தாராளமாக வரும். ஜிக்பீ சிப் அனுப்பும்போது பொதுவாகச் சில பத்து மில்லிஆம்பியர்தான் எடுக்கும், அதுவும் கண நேரத்துக்கு. வைஃபை சிப்போ அனுப்பும்போது சில நூறு மில்லிஆம்பியர் வரை எடுக்கக்கூடியது, அப்புறம் தூங்கி எழுந்தால் ரவுட்டரோடு மறுபடி கைகுலுக்கி முகவரி வாங்கவும் நேரம் பிடிக்கும். நாணய பேட்டரியால் அந்த மின்னோட்டத்தைத் தரவே முடியாது.

ஜிக்பீ, அதைப் போன்ற இன்னொரு முறையான த்ரெட் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே ரேடியோ, ஐஇஇஇ 802.15.4 என்ற தரம். இரண்டுமே மெஷ் முறையில் ஓடுபவை: தூரத்தில் இருக்கும் சென்சார் கன்ட்ரோலர் வரை கத்த வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்கும் சாதனத்திடம் சொன்னால் அது அடுத்ததிடம் தள்ளிவிடும். எல்லாச் சாதனமும் இப்படித் தள்ளிவிடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் பல்பு, பிளக், சுவர் ஸ்விட்ச் ஆகியவைதான் பொதுவாக அந்த வேலையைச் செய்யும். பேட்டரி சாதனம் தூங்கிக்கொண்டிருப்பதால் செய்யாது. இருபது சென்சார் வாங்கிப் போட்டாலும் இடையில் ஒரு பிளக் கூட இல்லையென்றால் மெஷ் என்று ஒன்று அங்கே உருவாகவே இல்லை.

இதில் ரொம்பச் சாதாரணமாக நடக்கும் ஒரு கோளாறைச் சொல்ல வேண்டும். ஹாலில் ஸ்மார்ட் பல்பு இருக்கிறது. மாடி சென்சார் அந்தப் பல்பு வழியாகத்தான் பேசுகிறது. யாரோ பழக்கதோஷத்தில் சுவரில் இருக்கும் பழைய ஸ்விட்ச்சை அணைக்கிறார். பல்புக்கு மின்சாரம் போய்விட்டது, அதோடு மாடி சென்சாரின் வழியும் போய்விட்டது. நெட்வொர்க் வேறு வழி தேடும், சில சென்சார்கள் சீக்கிரம் கண்டுபிடிக்கும், சில பிடிவாதமாகப் பழைய வழியிலேயே நிற்கும். 'வாரத்தில் ரெண்டு நாள் மட்டும் சென்சார் வேலை செய்யவில்லை' என்ற புகாரைக் கேட்டால் நான் கன்ட்ரோலரைக் குறை சொல்வதற்கு முன் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். செய்தியைத் தள்ளிவிடும் வேலையை யாரும் அணைக்காத பிளக்குகளிடம் கொடுப்பது நல்லது.

அடுத்தது அலைவரிசை நெரிசல். ஜிக்பீ, த்ரெட், புளூடூத், வைஃபையின் ஒரு பகுதி, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் கூடியிருக்கின்றன. வைஃபை ரவுட்டர் 100 மில்லிவாட் அளவில் சத்தமாகப் பேசும், ஜிக்பீ சென்சார் சில மில்லிவாட்டில் முனகும். ஜிக்பீ பொதுவாகக் காற்று காலியா என்று கேட்டுவிட்டுத்தான் பேசும், ஆனால் அது பேசுவது வைஃபைக்குச் சரியாகக் காதில் விழாது. தப்பிக்க வழி இருக்கிறது. வைஃபை சேனல்கள் 1, 6, 11 ஆகியவை ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஜிக்பீ சேனல் 2 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான், எனவே வைஃபை சேனல்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் அது நுழைந்துகொள்ளும். ஜிக்பீயின் 15-ஆம் சேனல் 2425 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது, அது வைஃபை 1-க்கும் 6-க்கும் நடுவே. 20-ஆம் சேனல் 2450-இல், 6-க்கும் 11-க்கும் நடுவே. 25-ஆம் சேனல் 2475-இல், மூன்றையும் தாண்டி. இதனால்தான் ஜிக்பீ சேனலை நாமே மாற்ற விடுகிற கன்ட்ரோலரை வாங்கச் சொல்கிறேன், அந்த வசதியையே மறைத்து வைக்கும் பெட்டிகளும் இருக்கின்றன. ரவுட்டரில் 2.4 வைஃபையின் அகலத்தை 40-க்குப் பதில் 20 என்று வைக்கவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இந்த இடுக்கெல்லாம் மூடிவிடும்.

யுஎஸ்பி குச்சி வடிவத்தில் வரும் ஜிக்பீ ரேடியோவைக் கணினியில் செருகுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும், இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. குச்சியை நேராகப் போர்ட்டில் செருகினால் ஆன்டெனா அந்த இரைச்சலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஒரு சாதாரண யுஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிள் போட்டுக் குச்சியை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் அதுவரை தொலைந்து தொலைந்து போன சென்சார்கள் ஒழுங்காக நிற்கும். கன்ட்ரோலர் பெட்டியை வைஃபை ரவுட்டரின் தலைமேல் வைப்பதும் இதே தப்புதான்.

இசட்-வேவ் என்ற இன்னொரு ரேடியோ முறை இந்த நெரிசலில் இல்லை. ஐரோப்பாவில் 868.42, அமெரிக்காவில் 908.42, இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ் என்று கீழே தனியாக இருக்கிறது. அதிர்வெண் குறையும்போது அலைநீளம் கூடும், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது 12.5 சென்டிமீட்டர், 868 மெகாஹெர்ட்ஸுக்கு 34.5 சென்டிமீட்டர். அதே அளவு சக்தி, அதற்கேற்ற ஆன்டெனா என்றால் திறந்த வெளியிலேயே 9 டெசிபல் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய எட்டு மடங்கு சிக்னல் லாபம், கனமான சுவர் உள்ள வீட்டில் அது நன்றாகத் தெரியும். வழக்கமான மெஷ்ஷில் 232 சாதனம் வரை சேர்க்கலாம், செய்தி இடையில் நான்கு சாதனங்களைத் தாண்டலாம். ஆனால் ஒரு நாட்டில் வாங்கியது வேறு அதிர்வெண் உள்ள இன்னொரு நாட்டின் சாதனங்களோடு பேசாது, பெட்டியில் அதிர்வெண்ணைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். விலையும் ஜிக்பீயைவிடக் கூடத்தான்.

மேட்டர் பற்றித்தான் குழப்பம் அதிகம். அதன் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. மேட்டர் ஒரு ரேடியோ கிடையாது. ஈதர்நெட், வைஃபை, த்ரெட் ஆகியவற்றின் மேல் ஓடும் பொதுவான கட்டளைத் தொகுப்பு, முதல் முறை சேர்க்கும்போது புளூடூத்தையும் பயன்படுத்திக்கொள்ளும். எனவே 'மேட்டர் கன்ட்ரோலர்' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, த்ரெட் சாதனங்கள் வேண்டுமென்றால் அவற்றை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் 'த்ரெட் பார்டர் ரவுட்டர்' வசதியும் வீட்டில் எங்காவது இருக்க வேண்டும். கையில் இருக்கும் பழைய ஜிக்பீ பல்புகளும் தானாக மேட்டருக்குள் வந்துவிடாது, அதற்கு இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்கும் ஒரு பிரிட்ஜ் தேவை. மேட்டரில் எனக்கு உண்மையாகவே பிடித்தது, கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போகும்படி வடிவமைத்திருப்பதும், ஒரே பல்பை இரண்டு மூன்று கன்ட்ரோலர்களோடு ஒரே நேரத்தில் சேர்க்க முடிவதும். விதிகளை மட்டும் அந்தந்தக் கன்ட்ரோலர் எங்கே வைத்துக்கொள்கிறது என்று தனியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

என் கணக்கு இப்படி. நாலைந்து பிளக், பல்பு மட்டும்தான் என்றால் தனிக் கன்ட்ரோலரே வேண்டாம், வீட்டுக்குள்ளேயே கட்டளை ஏற்கும் வைஃபை சாதனங்கள் போதும். சென்சார்கள் சேர ஆரம்பித்தால் ஜிக்பீயும் த்ரெட்டும் பேசி விதிகளைத் தன்னிடமே வைத்திருக்கும் கன்ட்ரோலர். ஹோம் அசிஸ்டென்ட், ஓப்பன்ஹேப் போன்ற திறந்தமூல மென்பொருள்களை ஒரு சின்னக் கணினியில் ஓட்டும் பொறுமை இருந்தால் இன்னும் நல்லது, எந்த ரேடியோ வேண்டுமோ அதைச் செருகிக்கொள்ளலாம். சுவர் தடிமனாகி வீடும் பெரிதாகி, பூட்டு மாதிரி தவறவே கூடாத பொருள்கள் இருந்தால் இசட்-வேவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீணாகாது.

வாங்கும் முன் கடைசியாகப் பார்க்க வேண்டியது பேக்கப். ஜிக்பீ நெட்வொர்க்கில் எல்லாச் சாதனமும் 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய சாவியைப் பகிர்ந்துகொள்கின்றன, கன்ட்ரோலர்தான் அதைக் கொடுக்கிறது. கன்ட்ரோலர் எரிந்துபோனால் அந்தச் சாவியும் நெட்வொர்க் அடையாள எண்ணும் அதோடு போகும். புதுப் பெட்டி வந்தாலும் பழைய சாதனங்கள் அதை அடையாளம் கண்டுகொள்ளாது, ஒவ்வொன்றையும் ஏணி போட்டு ஏறி ரீசெட் செய்து மறுபடி சேர்க்க வேண்டும். சில கன்ட்ரோலர்களில் இந்த விவரங்களைக் கோப்பாக எடுத்துப் புதுப் பெட்டியில் ஏற்ற முடியும், சிலவற்றில் அந்த வழியே கிடையாது, சிலவற்றில் பேக்கப் என்று சொல்வது விதிகளையும் பெயர்களையும் மட்டும்தான், சாவி அதில் இருக்காது. 'ரேடியோ நெட்வொர்க்கும் சேர்ந்து பேக்கப் ஆகுமா' என்று இதே வார்த்தையில் கேளுங்கள். ஆகும் என்றால், எல்லாச் சாதனங்களையும் சேர்த்து முடித்த அன்றே ஒரு கோப்பை எடுத்து அந்தப் பெட்டிக்கு வெளியே வேறெங்காவது வைத்துவிடுங்கள்.