“யாருடைய ரத்தம், டாக்டர்?”: மந்திர வழக்கிலும் கிறிஸ்தவ நம்பிக்கையிலும் இரத்தம்

கருப்பை அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை, ஒப்புதல் படிவத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா என்னைத் தனியே அழைத்தார். மாதக்கணக்கில் நீடித்த உதிரப்போக்கால் அவருடைய ஹீமோகுளோபின் 6 கிராமுக்கு இறங்கியிருந்தது. இரத்தம் ஏற்றாமல் மயக்க மருந்து கொடுக்க முடியாத நிலை. “டாக்டர், இந்த ரத்தம் கொடுத்தவங்க யாருன்னு தெரியுமா? மந்திரம் மாந்திரீகம்னு போறவங்களா இருந்தா என்ன பண்றது? ரத்தத்தோட அதுவும் உள்ளே வந்துடும்னு எங்க ஜெபக்கூட்டத்துல சொல்றாங்க” என்றார். கண்களில் இருந்தது உண்மையான பயம்.

இரத்த மையத்தில் பணியாற்றும் மருத்துவர் என்ற முறையில் இந்தக் கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். கொடுத்தவரின் குணம் வருமா, கோபம் வருமா, பாவம் வருமா என்று கேட்கிறார்கள். அறியாமை என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டு பழமையான எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று பண்டைய மந்திர வழக்கத்திலிருந்து வருவது. மற்றொன்று விவிலியத்திலிருந்து வருவது. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குவதால்தான் பக்தியுள்ளவர்கள்கூட ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்பதே அந்தத் தொடக்கம். ஹோமரின் ஒடிசியில், இறந்தவர்களிடம் வழி கேட்கச் செல்லும் ஒடிசியஸ் ஒரு முழ அளவுக்குக் குழி தோண்டி அதில் ஆட்டு இரத்தத்தை ஊற்றுகிறான். அதைக் குடித்தால்தான் நிழல்களாகத் திரியும் ஆவிகளுக்குப் பேச்சு வரும். அவனுடைய சொந்தத் தாயே, இரத்தத்தைக் குடிக்கும் வரை மகனை அடையாளம் காணாமல் பேசாது அமர்ந்திருக்கிறாள். உயிரற்றதற்கு உயிரைக் கடனாகக் கொடுக்கும் பொருளாக அங்கே இரத்தம் இருக்கிறது.

ரோமில் இந்த எண்ணம் கவிதையைவிட்டு இறங்கி நோயாளியின் வாய்க்கே வந்துவிட்டது. முதலாம் நூற்றாண்டில் எழுதிய ரோமானியர்களான செல்சஸ், மூத்த பிளினி ஆகிய இருவருமே, வலிப்பு நோயாளிகள் வாட்போர் அரங்கில் வெட்டுண்ட கிளாடியேட்டர் வீரர்களின் சூடான இரத்தத்தைக் குடித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். வலிமையுள்ளவன், இளைஞன், நோயால் சாகாமல் வாளால் திடீரெனச் சாகிறவன். ஆகவே அவன் வாழ்ந்து முடிக்காத ஆயுள் இரத்தத்திலேயே எஞ்சியிருக்கும், அது ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும் என்பதே அதன் கணக்கு. பிளினி இதை அருவருப்போடுதான் எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய சமயத்தவர் எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்பது அநியாயமான குற்றச்சாட்டு. ஆனாலும் வழக்கம் சாகவில்லை. அரங்கம் இல்லாமற்போன பிறகு தூக்குமேடையும் வெட்டுமேடையும் அதன் இடத்துக்கு வந்தன. கிறிஸ்தவ நாடாகிப் பல நூற்றாண்டுகள் கடந்திருந்த டென்மார்க்கில், 1820-களில், மரண தண்டனை பெற்றவனின் இரத்தத்தை நோயுற்ற பிள்ளைக்குப் பெற்றோர் குடிக்கக் கொடுத்ததைத் தம் பள்ளிப் பருவத்தில் கண்டதாக எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதியிருக்கிறார்.

ஒரு பயனும் இல்லாத மருந்து எப்படி இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்தது என்று கேட்கலாம். வலிப்பின் இயல்பே அதற்கு விடை. ஒரு வலிப்பு சில நிமிடங்களில் தானாக அடங்கும். அடுத்தது வரப் பல மாதங்கள் ஆகலாம். சிறுவயதில் வரும் சில வகைகள் வளர வளர மறைந்தும் போகும். இடையில் எதைக் கொடுத்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும்.

இப்போது விவிலியத்துக்கு வருவோம். “மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது” என்கிறது லேவியராகமம் 17-ஆம் அதிகாரம். மந்திரவாதியும் இதையேதான் சொல்வான். ஆனால் அதே அதிகாரம், உயிர் அதில் இருப்பதாலேயே அதை உண்ணக் கூடாது என்றும், வேட்டையாடிய விலங்கின் இரத்தத்தைத் தரையில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. உயிர் இறைவனுடையது, மனிதன் அதை எடுத்துத் தன் பலத்துக்கும் தன் காரியத்துக்கும் பயன்படுத்த உரிமை இல்லை. பலிபீடத்தில் அது பாவநிவிர்த்திக்காக இறைவனுக்கே திரும்பச் செல்கிறது. மண்ணால் மூடும் அந்தச் செயலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இறந்த மனிதனுக்குச் செய்வதைப் போன்ற மரியாதை அது.

முதல் கிறிஸ்தவர்கள் இந்தத் தடையை அப்படியே சுமந்து வந்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம் புறவினத்திலிருந்து வந்த விசுவாசிகளுக்கும் இரத்தத்தை விலக்குகிறது. இருந்தும் ரோமர்கள் அவர்கள்மீது சுமத்திய குற்றம், குழந்தையைக் கொன்று இரத்தம் குடிக்கிறார்கள் என்பது. 197-ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அதற்கு எழுதிய பதிலில் ஒரு சிறு விவரம் இருக்கிறது. பிடிபட்டவர் கிறிஸ்தவர்தானா என்று சோதிக்க, விலங்கு இரத்தம் நிரப்பிய குடல் பண்டத்தை நீங்களே நீட்டுகிறீர்கள். அதை அவர்கள் தொட மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அப்படியிருக்க மனித இரத்தத்தைக் குடிப்பதாக எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். அரங்கத்தில் வலிப்புக்காக இரத்தம் குடிப்பவர்களையும் அதே இடத்தில் சுட்டிக்காட்டுகிறார். அதற்கு முன்பே, 177-இல், இன்றைய பிரான்சின் லியோன் நகரில், பிப்லிஸ் என்ற பெண் சித்திரவதையின் நடுவே இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அந்த நகரத்திலேயே 160-ஆம் ஆண்டில் பேரரசரின் நலனுக்காகக் காளையைப் பலியிட்டு நிறுவிய கல் பீடம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஒரே ஊரில் பதினேழு ஆண்டுகளுக்குள் இரத்தம் பற்றிய இரண்டு புரிதல்கள் நேருக்கு நேர் நின்றன.

அப்படியானால் “இது என் இரத்தம்” என்று சொல்லி இயேசு கிண்ணத்தைக் கொடுத்தது எப்படி? இதைக் கேட்ட யூதருக்கு உடல் நடுங்கியிருக்கும். யோவான் 6-ஆம் அதிகாரத்தில் சீடர்களில் பலர் இந்தப் பேச்சைத் தாங்காமல் விலகிப் போகிறார்கள். கத்தோலிக்க, சீர்திருத்த சபைகள் அந்தக் கிண்ணத்தில் நிகழ்வதை வெவ்வேறாக விளக்குகின்றன. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. எல்லாரும் ஒப்புக்கொள்வது ஒன்று: இங்கே யாரும் யாரிடமிருந்தும் இரத்தத்தைப் பறிக்கவில்லை. கொடுப்பவர் தாமாகவே தம்மைக் கொடுக்கிறார். அரங்கத்தில் கிளாடியேட்டரின் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை.

இந்த வேறுபாட்டைக் கிறிஸ்தவர்களே பலமுறை மறந்திருக்கிறார்கள். தங்கள்மீது வீசப்பட்டதைப் போன்ற பொய்யை, 1144-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஒரு சிறுவனின் மரணத்தைத் தொடர்ந்து, யூதர்கள்மீது வீசத் தொடங்கினார்கள். இறைச்சியில் உப்பைத் தடவி இரத்தத்தை வடித்துவிட்டு உண்ணும் மக்களைப் பார்த்து, குழந்தை இரத்தம் எடுக்கிறார்கள் என்றார்கள். 1247-இல் போப் நான்காம் இன்னொசென்ட் இதைக் கண்டித்தும் கொலைகள் நிற்கவில்லை.

என் துறையின் பிறப்பிலும் இந்தக் கலப்பு உண்டு. 1667 நவம்பரில் லண்டன் ராயல் சொசைட்டி முன்னிலையில் ஆர்தர் கோகா என்பவருக்குச் செம்மறியாட்டு இரத்தத்தை ஏற்றினார்கள். ஏன் ஆட்டு இரத்தம் என்று கேட்டபோது, கிறிஸ்து தேவ ஆட்டுக்குட்டியாதலால் ஆட்டின் இரத்தத்துக்கு அவருடைய இரத்தத்தோடு ஓர் அடையாள உறவு உண்டு என்று அவர் லத்தீனில் பதில் சொன்னார். அவர் பிழைத்துக்கொண்டார். அதே குளிர்காலத்தில் பாரிசில் மருத்துவர் தெனி, மனநிலை பிறழ்ந்த ஒருவருக்குக் கன்றின் இரத்தத்தை ஏற்றினார். கன்றின் சாந்தம் அவருக்கு வரும் என்பது எதிர்பார்ப்பு. இரண்டாம் முறை ஏற்றியபோது அவருடைய சிறுநீர் அடுப்புக் கரியைப் போலக் கறுத்தது. ஒவ்வாத சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் அடையாளம் அது; இன்று எந்தப் பயிற்சி மருத்துவரும் அந்த நிறத்தைக் கண்டால் முதலில் குழாயை மூடுவார். இரத்தத்துக்கு வகைகள் உண்டு என்பதை கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்து வெளியிட 1901 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பழங்கதை என்று விட முடியாதபடி நோயாளிகள் வருகிறார்கள். வலிப்பு வந்த ஒரு சிறுவனை, கருஞ்சேவலின் இரத்தத்தை நாக்கில் தடவிப் பார்த்துப் பல மாதங்களை வீணாக்கிய பிறகு அழைத்து வந்தார்கள். பச்சை இரத்தம் தந்திருக்கக்கூடியது சால்மோனெல்லா கிருமியை மட்டுமே. முறையாக மாத்திரை எடுத்தால் வலிப்பு உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும். இன்னொரு வீட்டில், “இயேசுவின் இரத்தம் ஜெயம்” என்று நூறு முறை சொன்னால் போதும் என்று யாரோ கூற, மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அந்த வாக்கியம் ஒரு விசுவாசிக்கு எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: எண்ணிக்கை வைத்து உச்சரித்துப் பலனை எதிர்பார்க்கும்போது அது விசுவாசமாக இல்லாமல் மந்திரமாகிவிடுகிறது.

யெகோவாவின் சாட்சிகள் அப்போஸ்தலர் 15-ஐ இரத்தம் ஏற்றுவதற்கும் பொருத்தி 1945 முதல் அதை மறுத்து வருகிறார்கள். மற்றச் சபைகள் அப்படிப் படிப்பதில்லை. வயதுவந்த ஒருவர் தெளிந்த மனத்தோடு மறுத்தால் நாங்கள் அதை மதிக்கிறோம். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, கடைசி நிமிடத்தில் சொல்லாமல் பல வாரங்களுக்கு முன்பே சொல்லுங்கள் என்பதுதான். இரும்புச்சத்து ஊசி, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஆகியவற்றால் ஹீமோகுளோபினை முன்கூட்டியே உயர்த்த நேரம் கிடைக்கும்.

அந்த அம்மாவைக் கீழே எங்கள் மையத்துக்கே அழைத்துச் சென்றேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையைக் காட்டினேன். கருஞ்சிவப்பாய், தொட்டால் சில்லிடும் பை. ஒட்டியிருந்த சீட்டில் ஓர் எண், வகை, சேகரித்த நாள், காலாவதி நாள், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய சோதனைகளின் முடிவு. பெயர் இல்லை, ஊர் இல்லை, மதம் இல்லை. “இதுல வர்ற சிவப்பணு அதிகபட்சம் நூத்தியிருபது நாள்தாம்மா இருக்கும். அதுக்குள்ள உங்க எலும்பு மஜ்ஜையே புதுசா பண்ணிக்கும். இதுல யாரோட குணமும் இல்ல, பாவமும் இல்ல. இதக் கொடுத்தவங்க காசு வாங்கல. நீங்க யாருன்னு அவங்களுக்கும் தெரியாது” என்றேன்.

அவர் சீட்டை இரண்டு முறை படித்தார். “பேர் தெரியாமலே அவங்களுக்காக ஜெபம் பண்ணலாமா?” என்று கேட்டார். பண்ணலாம் என்றேன். படிவத்தை மேசைமேல் விரித்து, மடிப்பைக் கையால் நீவிவிட்டுக் கையெழுத்திட்டார். இரவு முதல் பை ஏறத் தொடங்கியது. வழக்கம்போல் முதல் பதினைந்து நிமிடங்கள் செவிலியரும் நானும் அருகில் நின்று நாடித்துடிப்பையும் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டோம்.