தள்ளுபடியானது கடனா, மனுவா?

வக்கீலான என்னைத் தேடி வரும் கட்சிக்காரர்களில் சிலர் பத்திரத்தோடு வருவார்கள். சிலர் பேப்பர் கட்டிங்கோடு வருவார்கள். இரண்டாவது வகையினரிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. பத்திரம் கொண்டுவந்தவர், “இதில் எனக்கு என்ன இருக்கிறது?” என்று கேட்பார். கட்டிங் கொண்டுவந்தவருக்கு அந்தக் கேள்வியே இல்லை. “எப்போது கிடைக்கும்?” என்பார்.

2020 கார்த்திகையில் வந்த அந்த அம்மா இரண்டாவது வகை. கொரோனாவால் நீதிமன்றங்கள் அரைகுறையாக இயங்கிக்கொண்டிருந்த நாட்கள். கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து, நான்காக மடித்த துண்டுக் காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். மடித்து மடித்து மடிப்பே கிழியத் தொடங்கியிருந்தது. ‘தந்தை சொத்தில் மகளுக்கும் சம உரிமை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே செய்தி இருக்க வேண்டிய இடத்தில் கத்தரித்த விளிம்பு. செய்தியை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்.

“அண்ணனுக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன் சார். அன்றிலிருந்து பேச்சே இல்லை” என்றார்.

அவர் கேட்டது அப்பா கட்டிய வீட்டில் பாதி. (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அப்பா மில் தொழிலாளி. தன் சம்பளத்தில் 1978-இல் மனை வாங்கி வீடு கட்டியவர். 2009-இல் அந்த வீட்டை மகன் பெயருக்கு தான செட்டில்மெண்ட் எழுதி, பதிவும் செய்துவிட்டார். 2016-இல் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்.

அந்தத் தலைப்பில் பொய் எதுவும் இல்லை. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பற்றியது அது. மகனைப் போலவே மகளும் பிறப்பாலேயே பங்காளி, மகள்களுக்குப் பங்கு தந்த மத்தியத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஆனால் அது பேசியது கூட்டுக்குடும்பத்தின் பூர்வீகச் சொத்தைப் பற்றி. தகப்பனார் தன் உழைப்பில் வாங்கிய சொத்து, சட்டத்தின் மொழியில் சுயார்ஜிதம். அதை அவர் மகனுக்குக் கொடுக்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம், கோயிலுக்கும் எழுதி வைக்கலாம். எதுவும் எழுதாமல் இறந்தால்தான் வாரிசுகள் எல்லோருக்கும் சமமாக வரும். அந்த வீடு 2009-லேயே கை மாறிவிட்டது.

‘தந்தை சொத்து’ என்ற இரண்டு சொற்களுக்குள் இவை அத்தனையும் புதைந்து கிடக்கின்றன. நமக்கு அப்பா வாங்கியதும் அப்பா சொத்துதான், அப்பாவுக்கு வந்ததும் அப்பா சொத்துதான். சட்டத்துக்கு அவை இரண்டும் வேறு வேறு. இன்னொரு குழப்பமும் உண்டு. தாத்தா சொத்து என்றாலே பூர்வீகம் என்று பலர் நினைக்கிறார்கள். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு தாத்தா இறந்து, அவருடைய சுயார்ஜிதம் அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்துதான். பேரப் பிள்ளைகள் அதில் பிறப்புரிமை கோர முடியாது. இத்தனையையும் ஒரு தலைப்பில் அடைக்கச் சொல்வது நியாயமில்லை என்பது எனக்கும் தெரியும்.

“அப்படியானால் எனக்கு ஒன்றும் இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பேன். ஏதோ தோன்றி, அப்பாவுக்கு வேறு நிலம் உண்டா என்று கேட்டேன். “ஊரில் கொஞ்சம் வயல் இருக்கிறது சார், அது ஒன்றுக்கும் ஆகாது” என்றார். அந்தக் கதையை முடிப்பதற்கு முன் வேறு சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நீதிமன்றச் செய்திகளில் என்னை அதிகம் படுத்துகிற சொல் ‘தள்ளுபடி’. கடன் தள்ளுபடி என்றால் கொண்டாட்டம். மனு தள்ளுபடி என்றால் தோல்வி. ஆடித் தள்ளுபடி என்றால் துணிக்கடையில் கூட்டம். ‘நகைக்கடன் தள்ளுபடி வழக்கு தள்ளுபடி’ என்று ஒரு தலைப்பு வந்தால், போட்டவர் கடன்காரரா, தள்ளுபடியை எதிர்த்தவரா என்று தெரியாமல், அடகுச் சீட்டு வைத்திருப்பவர் சிரிக்க வேண்டுமா அழ வேண்டுமா என்றே சொல்ல முடியாது.

2021-இல் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது ‘5 பவுன் வரை’ என்றுதான் எல்லா இடத்திலும் பேச்சு. ஆறரைப் பவுன் அடகு வைத்திருந்த ஒருவர் என் குமாஸ்தாவின் உறவினர். ஐந்து பவுன் சும்மா வந்துவிடும், ஒன்றரைப் பவுனுக்கு மட்டும் பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, கைமாற்றுக்கும் ஆள் பார்த்துவிட்டார். விதியோ வேறு. மொத்த அடகு 40 கிராமைத் தாண்டினால் குண்டுமணித் தங்கத்துக்குக்கூடத் தள்ளுபடி இல்லை. அவர் ‘வரை’ என்பதை விலக்கு என்று படித்தார், அரசு அதை வரம்பு என்று எழுதியிருந்தது.

இதே ‘வரை’ 2025 பட்ஜெட்டில் மறுபடி வந்தது. ‘12 லட்சம் வரை வருமான வரி இல்லை.’ வரிக்குரிய வருமானம் 13 லட்சமாக இருப்பவர், மேலே உள்ள ஒரு லட்சத்துக்கு மட்டும் வரி என்று நினைத்துக்கொள்வார். புதிய முறையில் அவருக்குக் கணக்கு 4 லட்சத்துக்கு மேலிருந்தே தொடங்கும். 75,000 ரூபாய் வரி, அதன் மேல் செஸ். வக்கீல்கள் கூடும் பார் ரூமில் சட்டம் படித்த நாங்களே இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது ‘தடை’. ஒன்றை அடியோடு விலக்கினாலும் தடைதான், கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தாலும் தடைதான். 2021 ஜனவரி 12 அன்று மூன்று வேளாண் சட்டங்களை நடைமுறைப்படுத்துவதை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ‘வேளாண் சட்டங்களுக்குத் தடை’ என்று படித்துவிட்டு, சட்டமே ஒழிந்தது என்று என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்ன விவசாயி உண்டு. அவை உண்மையில் போனது அந்த நவம்பரில், நாடாளுமன்றத்தில். நடுவில் பத்து மாதங்கள் அவை சட்டப் புத்தகத்திலேயேதான் இருந்தன. ‘இடைக்கால’ என்ற சொல்லைத் தலைப்பில் சேர்த்திருந்தால் போதும். ஆனால் இட நெருக்கடி வந்தால் முதலில் வீட்டை விட்டு வெளியேற்றப்படுவது அந்தச் சொல்தான்.

ஒருநாள் காலை நீதிமன்ற வாசல் டீக்கடையில் இரண்டு பெரியவர்கள் ஒரே பேப்பரை வைத்துக்கொண்டு சண்டையிட்டார்கள். ‘குவாரிக்குத் தடை விதிக்க மறுத்த உத்தரவை எதிர்த்த மனு தள்ளுபடி’ என்கிற மாதிரியான தலைப்பு. ஒருவர் குவாரியை மூடிவிட்டார்கள் என்றார், மற்றவர் இல்லவே இல்லை என்றார். என்னைப் பஞ்சாயத்துக்கு அழைத்தார்கள். தடை, மறுத்த, எதிர்த்த, தள்ளுபடி என்று விரல் விட்டு எண்ணினேன். நான்கு எதிர்மறைகள். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று கணக்கு வாத்தியார் சொன்னது அன்றுதான் எனக்கு வாழ்க்கையில் பயன்பட்டது. குவாரி ஓடும் என்று தீர்ப்புச் சொன்னேன். தோற்றவர், “வக்கீல் எப்போதும் அப்படித்தான் சொல்வார்” என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

என்னோடு படித்த ஒருவர் நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் இருக்கிறார். ஏன் இப்படி எழுதுகிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன். இரண்டு பத்தித் தலைப்பில் எத்தனை எழுத்து பிடிக்கும் தெரியுமா என்று கேட்டார். எழுத்து மிஞ்சினால் அவர்கள் முதலில் வெட்டுவது வேற்றுமை உருபைத்தானாம். ‘மாணவனைத் தாக்கிய ஆசிரியர்’ என்பதில் ‘ஐ’ போய் ‘மாணவன் தாக்கிய ஆசிரியர்’ ஆகிவிட்டால், அடித்தவர் அடிபட்டவர் ஆகிவிடுகிறார். ‘மத்திய அரசு எதிர்ப்பு’ என்றால் எதிர்ப்பது மத்திய அரசா, மத்திய அரசை எதிர்க்கிறார்களா? தமிழில் ஆளைக் காப்பாற்றுவதே அந்த உருபுதான். குற்றவியல் வழக்கில் என் கட்சிக்காரரைப் பற்றி இப்படி ஒரு தலைப்பு வந்து, பக்கத்து வீட்டாருக்கு அவரே பதில் சொல்லிக்கொண்டு திரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

குடும்ப நல வழக்குகளில் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே தலைப்பில் விடுபடுவது ‘யார்’. 2023 மே 1 அன்று அரசியல் சாசன அமர்வு ஒன்று, மீட்க முடியாதபடி முறிந்துபோன திருமணத்தை அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவின்கீழ் கலைக்கலாம், பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு உள்ள ஆறு மாதக் காத்திருப்பையும் தளர்த்தலாம் என்றது. மறுநாள் காலை ஒரு பெண்ணின் தகப்பனார் செல்போனை நீட்டினார். ‘விவாகரத்துக்கு இனி 6 மாதம் காத்திருக்க வேண்டாம்.’ கல்யாணமாகி ஏழு மாதம். இந்த வாரமே முடித்துவிடலாமா என்று கேட்டார். அந்த 142 உச்ச நீதிமன்றத்தின் கையில் மட்டும் உள்ள அதிகாரம். நம்மூர் குடும்ப நல நீதிபதிக்கு அது கிடையாது. 2017-இல் வந்த வேறொரு தீர்ப்பின்படி அவரும் ஆறு மாதத்தைத் தளர்த்தலாம்தான், ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பரஸ்பர சம்மதத்தில் மனுப் போடவே ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்த மனிதருக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, “அப்புறம் எதற்கு சார் பேப்பரில் போடுகிறார்கள்?” என்றார். நியாயமான கேள்வி.

2018-இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு நீக்கப்பட்டபோதும் இதே கதை. ‘திருமணத்தை மீறிய உறவு குற்றமல்ல’ என்று படித்த ஒரு கணவர், தன் விவாகரத்து வழக்கே செத்துவிட்டதாக நினைத்து வாய்தாவுக்கு வராமல் இருந்துவிட்டார். சிறைக்கு அனுப்பும் குற்றமாகத்தான் அது நீக்கப்பட்டது. விவாகரத்துக்கான காரணமாக அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஆகவே கட்டிங்கோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மீதிக் காகிதத்தை. முழுச் செய்தியையும் கொண்டுவாருங்கள் என்பேன். பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது பத்தியில்தான் அது யாருக்குப் பொருந்தும் என்பது இருக்கும். ‘நீதிமன்றம் அதிரடி’ என்றால் அது தீர்ப்பா, இடைக்கால உத்தரவா, விசாரணையின் நடுவில் நீதிபதி வாய்மொழியாகக் கேட்ட கேள்வியா என்று பாருங்கள். வாய்மொழிக் கேள்வியை வைத்துக்கொண்டு யாரும் ஒரு சென்ட் நிலமும் வாங்க முடியாது. ‘நோட்டீஸ்’ என்றால் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டுமே பொருள், குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று பொருளில்லை. உச்ச நீதிமன்ற இணையதளத்தில் பல தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. படிக்கக் கடினமான தமிழ்தான், ஆனாலும் வழக்கு என்ன, யாருக்கும் யாருக்கும் என்பது முதல் இரண்டு பக்கங்களில் தெரிந்துவிடும். முக்கியமாக, தலைப்பைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வழக்கைத் திரும்பப் பெற ஒரு மனு போதும். அண்ணனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பை அழித்தாலும் அவர் படித்தது படித்ததுதான்.

அந்த அம்மாவின் வயலுக்கு வருகிறேன். ஒரு ஏக்கர் இருபது சென்ட் நஞ்சை. வில்லங்கச் சான்றும் பழைய பட்டாவும் வந்தபோது விஷயம் தெரிந்தது. அவருடைய தாத்தா இறந்தது 1951-இல். அவரிடமிருந்து வந்த நிலம். அதாவது அசல் பூர்வீகம். பதிவு செய்த பாகப்பிரிவினை எதுவும் இல்லை, பட்டா இன்னும் அப்பா பெயரில். அந்த அம்மாவுக்குத் திருமணமானது 1986-இல். தமிழ்நாடு 1989-இலேயே மகள்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டது என்றாலும், அந்தச் சட்டம் அதற்கு முன் திருமணமானவர்களை விலக்கியிருந்தது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த விலக்கை வைக்கவில்லை. அவருடைய அப்பா 2005-இல் உயிரோடு இருந்தவர். எனவே 2020 தீர்ப்பே வந்திருக்காவிட்டாலும் அந்த வயலில் பாதி அவருடையதுதான். பதினைந்து ஆண்டுகளாக அவருக்கு இருந்த உரிமையை, வேறு எதைப் பற்றியோ என்று தவறாகப் படித்த ஒரு தலைப்பு தேடிக் கொடுத்தது.

தாவா போட்டோம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. ஆளுக்கு அறுபது சென்ட். அண்ணனும் தங்கையும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அவர் என் பக்கமாக ஒதுங்கி, செல்போனை எடுத்துக் காட்டினார். முந்தின இரவு அண்ணன் அனுப்பியிருந்த ஒரு தலைப்பு: ‘தாயின் சொத்தில் மகன், மகள் இருவருக்கும் சம உரிமை.’

“அம்மா நகை என்னிடம்தான் இருக்கிறது. இதில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா, பாருங்கள் சார்” என்றார்.

அம்மா உயில் எழுதி வைத்தாரா என்று கேட்டேன். இல்லை என்றார். தலைப்பை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை.