ஷார்ட்கட் பெட்டிகளுக்குப் பின்னால்

கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறியதும் ஐபோனில் ஒரு பொத்தானைத் தட்டினால், வெள்ளவத்தை வீட்டுக்கு "வெளிக்கிட்டுட்டன்" என்று செய்தி போக வேண்டும். மணி 7 தாண்டியிருந்தால் "கொத்து வாங்கி வரவா?" என்ற கேள்வியும் சேர வேண்டும். ஆப்பிளின் ஷார்ட்கட்ஸ் செயலியில் இதற்கு நாலைந்து பெட்டிகள் (ஒவ்வொன்றும் ஒரு செயல்) போதும்; விரலால் இழுத்து அடுக்கிவிடலாம். நாற்பது பெட்டிகள் ஆகும்போதுதான் தலைவலி. எதை எங்கே மாற்றினோம் என்று தேடவே முடியாது.

செர்ரி என்ற திறந்த மூலக் கருவி அந்தப் பெட்டிகளை எழுத்தாக எழுத விடுகிறது. கோ என்ற நிரல்மொழியில் உருவான கம்பைலர் (நிரலை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் கருவி) இது, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஓடும். சாதாரண எடிட்டரில் நிரலை எழுதிச் சேமித்து, செர்ரி கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஷார்ட்கட் கோப்பு தயார். நிரல் வெறும் எழுத்து என்பதால், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் வைக்கலாம். நேற்றைக்கும் இன்றைக்கும் எந்த வரி மாறியது என்று பார்க்கலாம்.

ஷார்ட்கட் கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது ஆப்பிளின் பிலிஸ்ட் வடிவம்: செயல்களின் நீண்ட பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளப் பெயர், அதற்கான விவரங்கள். அடையாளப் பெயர்கள் பலவற்றில் இன்றைக்கும் 'வொர்க்ஃப்ளோ' என்ற சொல் ஒட்டியிருக்கிறது. 2017இல் ஆப்பிள் வாங்கி, 2018இல் ஷார்ட்கட்ஸ் என்று பெயர் மாற்றிய செயலியின் பழைய பெயர் அது.

பட்டியல் தட்டையானது. திரையில் 'இஃப்' பெட்டிக்குள் மற்றப் பெட்டிகள் அடங்கியிருப்பதுபோல் தெரிந்தாலும், கோப்பில் தொடக்கம், இல்லையென்றால், முடிவு மூன்றும் தனித்தனிச் செயல்கள். ஒரே குழு எண்ணும் 0, 1, 2 என்ற குறிகளும்தான் அவற்றைச் சேர்த்து வைக்கின்றன. இதைக் கையால் எழுத யாருக்கும் பொறுமை இராது. கம்பைலர் நிரலில் நாம் போடும் அடைப்புக்குறியைப் பார்த்து எண்களைத் தானே போட்டுவிடுகிறது.

வாக்கியத்துக்குள் மாறியை (ஓடும்போது மதிப்பு வந்து நிரம்பும் பெயரை) செருகுவது இன்னும் சுவாரசியம். "வெள்ளவத்தை" என்ற சொல், ஓர் இடைவெளி, அப்புறம் வந்து சேரும் நேரம் என்று வைத்துக்கொள்வோம். நேரம் வரவேண்டிய இடத்தில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடின் ஒரு சிறப்புக் குறி உட்காரும். அது எத்தனையாவது இடம், எந்த மாறிக்கு உரியது என்பது தனியாகப் பதிவாகும். அந்த இடத்தை எப்படி எண்ணுவது? கண்ணுக்கு வெள்ளவத்தை 6 எழுத்து. ஆப்பிள் எண்ணுவது, யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-16இன் அலகுகளில்: 'ள்' என்றால் ளகரமும் புள்ளியுமாக 2, 'தை' என்றால் தகரமும் ஐகாரக் குறியுமாக 2. மொத்தம் 10. இடைவெளியோடு 11. பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் குறியின் இடம் 11. யூடிஎஃப்-8 என்ற இன்னொரு முறையின் பைட்டுகளாக எண்ணினால் அதே சொல் 30 ஆகிவிடும், மாறி எங்கோ போய் விழும். ஆங்கிலத்தில் மூன்று கணக்கும் ஒன்றாகவே வருவதால் இந்தச் சிக்கல் அங்கே கண்ணில் படாது. இப்படிப்பட்ட கருவி எதைச் சோதித்தாலும் முதலில் ஒரு தமிழ் வாக்கியத்தைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

சரி, கோப்பு வந்துவிட்டது. அப்படியே போன் ஏற்காது. 2021இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் ஷார்ட்கட் கோப்புகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் (கோப்பு நம்பத்தக்கது என்று உறுதிசெய்யும் குறி) வேண்டும். அதே ஆண்டு மேக் கணினிகளுக்கு வெளிவந்த மேக்ஓஎஸ் மான்டரேயில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. லினக்ஸோ விண்டோஸோ வைத்திருப்பவர்கள் இணையத்திலுள்ள கையொப்பச் சேவையை நாட வேண்டும். அதாவது உங்கள் கோப்பு இன்னொருவரின் சர்வருக்குப் போய் வருகிறது. வீட்டுத் தொலைபேசி எண்ணையும் கடவுச்சொல்லையும் நிரலுக்குள் எழுதாமல், ஷார்ட்கட் போனில் ஓடும்போது கேட்டு வாங்குவதுபோல் அமைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.