உப்புநீர்க் குட்டையில் ஜியோலைட் என்ன செய்யும்?

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இறால் வளர்ப்பவர்களுக்கு ஜியோலைட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குட்டையில் இறாலுக்கு நஞ்சான அமோனியா ஏறிவிட்டது என்றால் மூட்டையைப் பிரித்துத் தூவுவது பழகிப்போன வேலை. அந்தத் தூள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே வேலை செய்யாது என்பதும் புரியும். காசு போட்டு வாங்குபவர்களுக்கு அதுதான் முக்கியம்.

ஜியோலைட் எரிமலைப் பாறையிலும் சாம்பலிலும் உண்டாகும் கனிமம். கடலூர்க் கரையில் எரிமலைப் பாறை இல்லை. கேப்பர் மலையே செம்மணற்கல்தான். ஜியோலைட் படிகங்களைப் பாறையோடு பார்க்க நாசிக், புனே பக்கம் போக வேண்டும். அங்கே சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய எரிமலைக் குழம்பு இறுகியபோது, உள்ளே இருந்த வாயுக் குமிழ்கள் பொந்துகளாக நின்றுவிட்டன. பிறகு பாறைக்குள் ஊடுருவிய வெந்நீர் சிலிக்காவையும் அலுமினாவையும் கரைத்துவந்து அந்தப் பொந்துகளில் படியவைத்தது. எரிமலைச் சாம்பல் தண்ணீரில் ஊறி மாறியும் ஜியோலைட் உண்டாகும். பெரிய அளவில் வெட்டியெடுக்கப்படுவது அந்த வகைதான்.

1756-ல் சுவீடனைச் சேர்ந்த கனிமவியலாளர் கிரான்ஸ்டெட் இந்தக் கல்லைச் சூடாக்கினார். உள்ளிருந்து நீர் நுரைத்து வெளியேறியது. பல கனிமங்கள் நீரை இழந்தால் கட்டுக்குலைந்துவிடும். ஜியோலைட் குலையாது. ஆறியபின் மறுபடியும் நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்கள் கோத்த உறுதியான சட்டகமும், அதற்குள் ஓடும் நுண்குழாய்களும்தான் காரணம். அந்த வாய்களின் அகலம் மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதனால் சிறிய மூலக்கூறு நுழையும், பெரியது வெளியே நிற்கும்.

அமோனியா விஷயத்தில் அளவைவிட மின்சுமை முக்கியம். சட்டகத்தில் ஒரு சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் இருந்தால், அங்கே ஓர் எதிர்மின்சுமை மிஞ்சும். அதைச் சரிக்கட்ட சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் (நேர்மின்சுமை கொண்ட அணுக்கள்) குழாய்க்குள் தங்கியிருக்கும். தளர்வாகத்தான் தங்கியிருக்கும். தண்ணீரில் அமோனியாவின் பெரும்பகுதி அமோனியம் என்ற நேர்மின் அயனியாக மாறியிருக்கும். அந்த அயனி வந்தால் அது உள்ளே போகும், சோடியம் வெளியே வரும். பேருந்தில் ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவருக்கு இருக்கை என்பது போலத்தான். அதாவது இது உறிஞ்சுவது அல்ல, இடமாற்றம்.

கிளினாப்டிலோலைட் என்ற வகை சோடியத்தைவிட அமோனியத்தை விரும்பிப் பிடிக்கும். ஆனால் அமோனியத்தைவிடப் பொட்டாசியத்தை இன்னும் விரும்பும். சரி, கடல்நீரில் என்ன இருக்கிறது? லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சோடியம், ஏறக்குறைய 400 மில்லிகிராம் பொட்டாசியம். கவலைப்படும் அளவுக்கு அமோனியா ஏறிய குட்டையில்கூட அது லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். ஆற்றுநீர் கலந்து உப்பு ஏழில் ஒரு பங்காகக் குறைந்தாலும் சோடியம் ஒன்றரை கிராம் மிச்சம் இருக்கும். இவ்வளவு போட்டியில் அமோனியத்துக்குக் கிடைக்கும் இடம் சொற்பம். நன்னீரில் பயன்படுத்தி நிரம்பிப்போன ஜியோலைட்டை மீண்டும் தயார்செய்ய உப்புக் கரைசலில்தான் ஊறவைக்கிறார்கள். சோடியம் உள்ளே புகுந்து அமோனியத்தைத் துரத்திவிடும். உப்புநீர்க் குட்டையில் நாம் தூவிய நிமிடத்திலிருந்தே அதுதான் நடக்கிறது.

அதனால் அமோனியாவுக்காக உப்புநீர்க் குட்டையில் இந்தச் செலவு வேண்டாம் என்பது என் கருத்து. நன்னீர் மீன் தொட்டிக்கு, மீன் குஞ்சுகளை ஏற்றி அனுப்பும் நீருக்கு வாங்கினால் பலன் உண்டு.

அப்புறம் குட்டைக்கு என்ன வழி? இறாலைக் கொல்வது அயனியாக மாறாத அமோனியா. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8-ல் இருந்தால் அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 9-ஐ எட்டினால் பத்தில் நான்கை நெருங்கும். பாசி அடர்ந்த குட்டையில் வெயில் ஏற ஏற பி.எச். ஏறும் என்பதால், பிற்பகலிலும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். தட்டில் தீவனம் மிஞ்சினால் அடுத்த வேளை குறையுங்கள். அமோனியாவின் பெரும்பகுதி தீவனத்திலிருந்துதான் வருகிறது. நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நிறுத்தாதீர்கள். அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். உப்புநீரிலும் அவை தம் வேலையைச் செய்யும்.