நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம்: ஆபத்தான பாறைக்குக் கீழே என்ன விதி?

சுரங்கத்துக்குள் ஒரு இடத்தில் பாறை உறுதியாக இருக்கும். இன்னொரு இடத்தில் பிளவுபட்டுக் கிடக்கும். பக்கத்திலேயே கைவிட்ட பழைய வெட்டில் தண்ணீர் நிற்கும். இங்கெல்லாம் எப்படி வெட்டுவது என்பதை நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. 2017ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் அதற்கு அளவு வைத்திருக்கின்றன. கண்காணிப்பது ஜார்க்கண்டின் தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம்.

இந்தியாவில் அதிகம் பழக்கத்தில் உள்ளது தூண் விட்டு வெட்டும் முறை. நெடுக்கும் குறுக்குமாகப் பாதை வெட்டி, நடுவில் நிலக்கரியையே தூணாக நிறுத்துவார்கள். முன் அனுமதி இல்லாமல் பாதை 4.8 மீட்டர் அகலத்தையும் 3 மீட்டர் உயரத்தையும் தாண்டக் கூடாது. அந்த அகலத்தில், 60 மீட்டர் ஆழம் வரை தூணின் மையத்துக்கும் அடுத்த தூணின் மையத்துக்கும் குறைந்தது 19.5 மீட்டர் இருக்க வேண்டும். ஆழம் 360 மீட்டரைத் தாண்டினால் 48 மீட்டர். மேலே அழுத்தும் பாறையின் எடை கூடுவதால்தான் இந்த வித்தியாசம். நிறைய நிலக்கரி உள்ளேயே நின்றுவிடும். நிற்கட்டும், கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

அப்புறம், பாதைகளை வெட்டி முடித்துத் திரும்பி வரும்போது அந்தத் தூண்களையும் எடுப்பார்கள். பின்னால் கூரை சரிந்து விழும். ஆபத்து மிகுந்த கட்டம் இது. இதற்குத் தனி அனுமதி வேண்டும்.

கூரையை எப்படித் தாங்குவது, அதன் அசைவை எப்படி அளப்பது என்று ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மேலாளர் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். முட்டுக் கொடுக்காத கூரைக்கு அடியில் யாரையும் வேலைக்கு நிறுத்தக் கூடாது. கூரையைச் சோதிக்கும் தொழிலாளி கம்பியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் உள்ளே பாறை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். உடனே ஆட்களை விலக்கி, தளர்ந்த பாறையைத் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் முட்டுக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் விதி இன்னும் கண்டிப்பு. தண்ணீர் நிற்கக்கூடிய பழைய வெட்டுக்கு 60 மீட்டருக்குள் போக எழுத்து அனுமதி வேண்டும். போனாலும் 2.4 மீட்டருக்கு மேல் அகலமோ உயரமோ கூடாது. முன்னால் குறைந்தது 3 மீட்டருக்குத் துளையிட்டுப் பார்த்துக்கொண்டேதான் நகர வேண்டும். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து 375 பேர் இறந்தார்கள்.

நிலக்கரியிலிருந்து கசியும், தீப்பற்றக்கூடிய மீத்தேன் வாயு, வெட்டும் இடத்தில் 1.25 சதவீதத்தையும் வெளியேறும் காற்றில் 0.75 சதவீதத்தையும் தாண்டக் கூடாது.

ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதே விதிகள்தான்.