மஞ்சள் கருவைச் செல்கள் மூடும் விதம்

கரு வளரும்போது செல்கள் இடம் பெயர்கின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். "கை கால் இல்லாத செல்லை யார் இழுக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் தேட ஜீப்ரா மீனின் முட்டை வசதியானது. ஒளி ஊடுருவும் என்பதால் உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் அப்படியே பார்க்கலாம்.

ஒரு செல் இரண்டாகி நான்காவதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். நாலு மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செல்கள் மஞ்சள் கருவின் உச்சியில் குவிந்துவிடும். அப்புறம் அந்தக் குவியல் தட்டையாகி, எல்லாப் பக்கமும் கீழே இறங்கி, சுமார் பத்தாவது மணி நேரத்தில் மஞ்சள் கருவை முழுக்க மூடிவிடும்.

இறங்கும் விளிம்புக்குச் சற்று முன்னால், மஞ்சள் கருவின் மேற்பரப்பில், ஆக்டின், மையோசின் என்ற புரத இழைகள் சேர்ந்த ஒரு வளையம் இருக்கிறது. தசையைச் சுருக்கும் அதே ஜோடி. பாட்டியின் சுருக்குப்பை போல வளையம் இறுக, வாய் மூடிக்கொள்கிறது. சரி, ஆனால் விளிம்பு உருண்டையின் மேல்பாதியில் இருக்கும்போது? அங்கே வளையம் இறுகினால் உச்சியை நோக்கித்தானே நழுவ வேண்டும்? விளிம்போ கீழே போகிறது!

2012இல் ஆஸ்திரியாவில் உயிரியலாளர் கார்ல்-ஃபிலிப் ஹைசன்பர்க் குழுவினர் கருவை உருளை வடிவமாக்கிப் பார்த்தார்கள். உருளையில் சுற்றளவு எங்கும் ஒன்றுதான். சுருக்கு வேலை செய்யாது. ஆனாலும் விளிம்பு முன்னேறியது. காரணம், விளிம்புக்கு முன்னால் இருக்கும் ஆக்டினும் மையோசினும் விளிம்பை நோக்கி, அதாவது பயணத்துக்கு எதிர்த்திசையில், ஓடிவந்து வளையத்தில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. வரும் வழியில் சுற்றியுள்ளவற்றோடு உராய்கின்றன. உராய்வு அந்த ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது; அந்த இழுப்பில்தான் விளிம்பு முன்னால் போகிறது. உராய்வே இல்லாவிட்டால் இழைகள் வழுக்கி வந்து சேரும், விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். எனக்கு இதில் பிடித்ததே இதுதான்.

மீன் முட்டையை நசுக்கிப் பார்க்கவா பணம் என்று நிதி ஒதுக்குகிறவர்கள் கேட்கலாம். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்று நம்மூரில் இன்னும் நம்புகிறார்கள். மனிதக் கருவின் ஆறு, ஏழாம் வாரங்களில் முகத்தின் திசுக்கள் நகர்ந்து வந்து ஒட்டுவதால்தான் மேலுதடு உருவாகிறது. ஒட்டாமல் போனால் பிளவு. சூரியனுக்கு இதில் வேலையே இல்லை. இதைச் சொல்லவாவது செல் நகர்வுக்குக் காசு கொடுக்கலாம்.

ஒட்டுவது மீனிலும் முக்கியம். இறங்கும் குவியலின் வெளியடுக்குக்கு அடியில் இருக்கும் உள்ளடுக்குச் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ஈ-கேடெரின் என்ற புரதம் வேண்டும். அதில் பழுதுள்ள கருக்களில் வெளியடுக்கு தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் செல்கள் பாதி வழியில் நின்றுவிடும்.