13-இல் 9 போனால் எத்தனை? ஜப்பான் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் செதுக்கும் விதம்

ஜப்பானில் முதல் வகுப்புப் பிள்ளைகள் பத்துக்குள் கழித்துப் பழகிய பிறகு ஒருநாள் 13 − 9 என்ற கணக்கைச் சந்திக்கிறார்கள். மூன்றிலிருந்து ஒன்பதை எடுக்க முடியாது. அப்புறம் என்ன செய்வது?

சில பிள்ளைகள் 12, 11, 10 என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். சிலர் முதலில் 3-ஐக் கழித்துப் பத்துக்கு வந்து, மீதி 6-ஐயும் கழிப்பார்கள். இன்னும் சிலர் 13-ஐப் பத்தும் மூன்றுமாகப் பிரித்து, பத்திலிருந்து 9-ஐ எடுத்துவிட்டு, மிஞ்சிய 1-ஐ மூன்றோடு கூட்டுவார்கள். எப்படிப் போனாலும் விடை 4தான். ஆனால் பின்னால் 53 − 29 வரும்போது மூன்றாவது வழி நேராகக் கைகொடுக்கும். நாம் ‘கடன் வாங்கி’க் கழிக்கிறோமே, அதன் வேர் இதுதான்: ஒரு பத்தை உடைத்து அதிலிருந்து எடுப்பது.

இங்கே எண்களைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கவனியுங்கள். 12 − 3 கொடுத்திருந்தால் பெரும்பாலும் 2-ஐ எடுத்து, பிறகு 1-ஐ எடுப்பார்கள். பத்தை உடைக்கத் தோன்றாது. 9 பத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பத்திலிருந்து மொத்தமாக எடுத்துவிடலாம் என்ற எண்ணம் எளிதாக வருகிறது. பாடம் திட்டமிடுவதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. என்ன விளக்கப் போகிறோம் என்பதைவிட, எந்தக் கணக்கைக் கொடுத்தால் பிள்ளை எப்படி யோசிக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

இந்த அளவு நுணுக்கம் ஒரே ஆசிரியர் தனியாக உட்கார்ந்து யோசித்து வருவதில்லை. ‘ஜுக்யோ கென்க்யூ’ என்ற பாட ஆய்வு முறை ஜப்பானில் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். பிள்ளைகள் சொல்லக்கூடிய பதில்களை, தவறானவற்றையும் சேர்த்து, முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். பிறகு ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று கவனிப்பார்கள். அவர்கள் குறித்துக்கொள்வது பிள்ளைகளைத்தான்: எவள் விரல் விட்டு எண்ணினாள், எவன் எழுதி அழித்தான், யார் எங்கே நின்றுபோனார்கள். பிள்ளைகள் சொன்ன வழிகள் கரும்பலகையில் அழிக்கப்படாமல் கடைசிவரை பக்கம் பக்கமாக இருக்கும், ஒப்பிட்டுப் பேசுவதற்காக.

வகுப்பு முடிந்ததும் கூடிப் பேசுவார்கள். அங்கே குறை சொல்லப்படுவது திட்டத்தைப் பற்றித்தான், நடத்தியவரைப் பற்றி அல்ல. அந்த ஒரு பழக்கம் இருந்தாலே ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறைக் கதவைத் தயங்காமல் திறப்பார்கள் என்று நம்புகிறேன்.

சரி, பலரும் ஒவ்வொன்றாக எண்ணியே விடை கண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கை வைக்கும் விதத்தை மாற்றிப் பார்க்கலாம். பதின்மூன்று முட்டைகளையும் சிதறலாகப் படம் போடாமல், பத்து முட்டை உள்ள ஒரு பெட்டி, வெளியே மூன்று முட்டை என்று காட்டலாம். ஜப்பானியக் கடைகளில் முட்டைப் பெட்டி பெரும்பாலும் பத்து முட்டை கொண்டது. பிள்ளைகளுக்கு அது பழகிய பொருள். ஒன்பது வேண்டும் என்றால் பெட்டியிலிருந்தே எடுக்கத் தோன்றும். அப்படித் திருத்திய பாடத்தை அடுத்து வேறொரு வகுப்பில் இன்னொருவர் நடத்திப் பார்ப்பதும் உண்டு.